இந்திய டெஸ்ட் ரீம் முடிஞ்சுதா, இல்லாட்டி திருத்தி எடுக்கலாமா?

பரந்தன்_சந்தி:

எல்லாருக்கும் வணக்கம். கிளிநொச்சியில ஃபோன் திருத்துற கடை ஒண்டில வேலை செய்யிறன். கடையில ரீவி சத்தமில்லாம ஓடிக்கொண்டே கிடக்கும். மட்ச் நாளெண்டால் ஃபோன் வாங்க வந்த சனம் வாங்கின பிறகும் போகாது. கவுகாத்தியில தென்னாபிரிக்காவிட்ட இந்தியா 408 ஓட்டத்தால தோத்தது, புயல் வந்த அதே கிழமை. வெளியில மழை இருட்டு, உள்ளுக்க ரெண்டு கட்சி.

2013இல இருந்து சொந்த மண்ணில தொடர்ந்து 18 தொடர் வெண்ட ரீம் இது. 2024 ஒக்ரோபர், நவம்பரில நியூசிலாந்து வந்து 3-0. பிறகு அவுஸ்திரேலியாவில 1-3. 2025 நவம்பரில தென்னாபிரிக்கா 2-0, அதுவும் உள்ளூரில. இதே காலத்தில 2024 ரி20 உலகக் கிண்ணத்தையும் 2025 சம்பியன்ஸ் ட்ரொபியையும் தூக்கினதும் இவங்கள்தான். எனக்கு விளங்காதது இதுதான். வெள்ளைப் பந்தில (ஒருநாள், ரி20) ராசா, சிவப்புப் பந்தில (டெஸ்ட்) ஏன் இந்தக் கோலம்?

எங்கட முதலாளி சொல்லுறார், கோலி, ரோகித், அஷ்வின் மூண்டு பேரும் போன உடனை கதை முடிஞ்சுது, இனி அஞ்சு வருசத்துக்கு எழும்ப மாட்டாங்கள் எண்டு. நான் சொன்னன், ஆக்கள் இருக்கிறாங்கள், கோச் கம்பீரை மாத்தினாலே காணும் எண்டு. சார்ஜர் வாங்க வந்த ஒரு அண்ணை, வேகப்பந்து போடுற பும்ராவுக்குக் கால் கை நோகாம இருக்கிறவரைக்கும்தான் இந்தியா எண்டுட்டுப் போட்டார்.

உண்மையிலேயே இறங்குமுகமா? திருப்பிக் கட்டுறதெண்டால் ஆரை வைச்சு, ஆரை விட்டு? இந்தியா தோத்தால் வெடி கொளுத்துற ஆக்கள் எங்கட பக்கம் கனபேர். அதுக்குக் காரணமும் இருக்கு. அந்தக் கதையை வேற இடத்தில வைப்பம், இங்க கிரிக்கெட் மட்டும் கதையுங்கோ.

முத்தையன்கட்டு:

தம்பி, அடுத்த வீட்டுக் கூரை ஒழுகுறதைப் பற்றி நல்ல கவலை. 2023 ஆசியக் கிண்ணப் பைனலில எங்கட இலங்கை ரீம் 50க்கு ஓல் அவுட். ரெண்டு மாதமும் போகேல்லை, வான்கடேயில அதே இந்தியாவிட்ட 55. உலகக் கிண்ணத்தில 9ஆம் இடம், அதால சம்பியன்ஸ் ட்ரொபிக்கு ரிக்கெட்டே கிடைக்கேல்லை. திருத்திக் கட்டுற வேலை கொழும்பிலயும் கிடக்கு.

நியாயத்துக்கு இதையும் சொல்லோணும்: 2024 ஓகஸ்டில கொழும்பில ஒருநாள் தொடரை 2-0 எண்டு இந்தியாவிட்ட இருந்து எடுத்தம். 1997க்குப் பிறகு அதுதான் முதல் தரம். வாண்டர்சே ஆறு விக்கெட் எடுத்தான், மற்ற மட்சில வெல்லாலகே அஞ்சு. ரோகித், கோலி ரெண்டு பேரும் விளையாடின தொடர் அது. அப்பவே தெரிஞ்சிருக்கோணும், உவங்களுக்குச் சுழல் எண்டால் இப்ப சரிவராது. உங்கட முதலாளிக்கு இதைச் சொல்லுங்கோ.

குளக்கட்டு:

தம்பி பரந்தன், மூண்டு பேர் போனதால ரீம் விழுந்தது எண்ட கணக்கு சரிவராது. நியூசிலாந்து 3-0 எண்டு அடிக்கேக்க அந்த மூண்டு பேரும் உள்ளுக்கதான் நிண்டவை. அடுத்த அவுஸ்திரேலியத் தொடரில ரோகித் அஞ்சு இனிங்ஸில 31 ஓட்டம், கடைசியில சிட்னியில தானே வெளியில இருந்தார். கோலி பேர்த்தில நூறு அடிச்சும் தொடர் முழுக்க 190 தான். ஆக்கள் இருக்கேக்கயே விழத் தொடங்கின ரீம் இது.

நான் இரணைமடுப் பக்கம். வயல் இருக்கு, பின்னேரத்தில எங்கட கழகத்தின்ர மைதானத்தைப் பாக்கிற வேலையும் என்ர தலையில. முந்தி சீமெந்துத் தரைக்கு மேல மற் விரிச்சுத்தான் விளையாடினது. இப்ப குளத்துக் களிமண் போட்டு ஒரு பிட்ச் அடிச்சு வைச்சிருக்கிறம். அதால எந்த மட்ச் பாத்தாலும் என்ர கண் முதல்ல பிட்சுக்குத்தான் போகும், ஆக்கள் பிறகு. இந்தியாவின்ர வருத்தம் அங்கதான் தொடங்கினது எண்டு நான் நினைக்கிறன்.

2013 தொடக்கத்தில இருந்து 2024 நடுப்பகுதி வரைக்கும் உள்ளூரில இந்தியா தோத்தது நாலே நாலு டெஸ்ட்: 2017 புனே, 2021 சென்னை, 2023 இந்தூர், 2024 ஹைதராபாத். சென்னையில இங்கிலாந்தின்ர ரூட் 218, ஹைதராபாத்தில அதே ரீமின்ர போப் 196. அது ரெண்டிலயும் ஒருத்தன் நிண்டு பெரிசா அடிச்சான், விடுங்கோ. புனேயையும் இந்தூரையும் பாருங்கோ. ரெண்டும் முதல் நாளே தூள் பறந்த பிட்ச். புனேயில அவுஸ்திரேலியாவின்ர ஸ்டீவ் ஓகீஃப் 35 ஓட்டத்துக்கு ஆறு விக்கெட், திரும்பவும் 35க்கு ஆறு. அந்த மட்சை விட்டால் ஓகீஃபை ஆருக்கு ஞாபகம்? இந்தூர் மட்ச் மூண்டாம் நாள் காலமையே முடிஞ்சு போச்சு. அந்தப் பிட்சுக்கு முதல்ல "மோசம்" எண்டு புள்ளி போட்டுட்டு ஐசிசி பிறகு ஒரு படி கூட்டிக் குடுத்தது.

ஏன் இப்பிடி எண்டு சொல்லுறன். களிமண்ணுக்கு அளவாத் தண்ணி விட்டு, ஈரம் இருக்கேக்கயே உருளையை நல்லா ஓட்டினால் மண் இறுகும். ரெண்டு நாள் பற் பண்ணலாம். மூண்டாம், நாலாம் நாள் வெடிப்பு வந்து பந்து திரும்பும். அந்த மாதிரிப் பிட்சில விக்கெட் எடுக்கோணுமெண்டால் போலருக்கு வித்தை வேணும். பந்தை மிதக்க விடோணும், வேகத்தைக் கூட்டிக் குறைக்கோணும், ஒரே இடத்தில ஓவர் ஓவராப் போட்டு ஆளைக் களைக்கப் பண்ணோணும். அஷ்வினும் ஜடேஜாவும் அதில வாத்திமார். வந்த ரீமின்ர சுழல்காரன் அந்தப் பிட்சில 40 ஓவர் போட்டாலும் கை வெறுங்கைதான்.

தண்ணி காட்டாம, உருளையும் குறைச்சு, மேல் மண்ணைப் பொருபொருவெண்டு விட்டால் வேற கதை. பந்து விழுந்த இடத்தில தானாத் திரும்பும். ஒண்டு திரும்பும், மற்றது நேர வரும். எது எப்பிடி எண்டு போட்டவனுக்கே தெரியாது. அங்க அஷ்வினும் ஒண்டுதான், எங்கட கழகத்தில ஞாயிற்றுக்கிழமை போடுற பொடியனும் ஒண்டுதான். உன்னட்டக் கெட்டிக்காரப் போலர் இருக்கேக்க நீயே ஏன் ரெண்டு பக்கத்தையும் சமன் ஆக்கிறாய்?

2024 புனேயில நடந்தது இதுதான். அதுக்கு முதல் டெஸ்ட்டில ஒருக்காக்கூட அஞ்சு விக்கெட் எடுக்காத நியூசிலாந்தின்ர சான்ட்னர் 13 விக்கெட். மும்பையில அஜாஸ் பட்டேல் 11. வெல்ல 147 வேணும், இந்தியா 121. 2025இல கொல்கத்தா ஈடன் கார்டனில தென்னாபிரிக்காவோட இன்னும் வடிவாச் செய்தவை. நாலு சுழல்காரரை உள்ளுக்க எடுத்துப்போட்டு, 124ஐத் துரத்தி 93க்கு ஓல் அவுட். அந்த மட்ச் முழுக்க அம்பது தாண்டினது ஒரே ஒரு ஆள், தென்னாபிரிக்கக் கப்ரன் பவுமா, 55 நொட் அவுட். முடிஞ்ச பிறகு கம்பீர் சொன்னது, நாங்கள் கேட்ட பிட்சைத்தான் தந்தவை எண்டு. மைதானத்துக்காரன்ர தலையில போடாமச் சொன்னது பெரிய மனம், ஏனெண்டால் பிட்ச் பாக்கிற எங்களுக்குப் பேச்சு மட்டும்தான் மிச்சம். ஆனா கேட்டதே பிழையான சாமான்.

அதே நியூசிலாந்துத் தொடரில பெங்களூரில 46க்கு ஓல் அவுட் ஆனதை இதுக்குள்ள சேக்கேல்லை. மழை மப்பில ரொஸ் வெண்டு பற் பண்ண வந்தால் ஹென்றி அஞ்சு, ஓரூர்க் நாலு. அது ஒரு நாள்ப் புத்தி.

முதல்ல பிட்சைத் திருத்தட்டும். பிறகு பாப்பம் ஆர் போகோணும் எண்டு.

மூன்றாம்_ஸ்லிப்:

குளக்கட்டு அண்ணை, வடிவா எழுதியிருக்கிறியள். ஆனா கவுகாத்தியைத் தொடாமப் போட்டியள். 408 ஓட்டத்தால தோத்தது அங்கதான். ஓட்டக் கணக்கில இந்தியாவின்ர சரித்திரத்திலயே பெரிய தோல்வி. அங்க பிட்சில ஒரு குறையும் இல்லை. தென்னாபிரிக்கா 489 அடிச்சது. ஏழாவதா வந்த செனுரன் முத்துசாமி 109, ஒன்பதாவதா வந்த யான்சன் 93. (முத்துசாமி நூறு அடிக்கேக்க என்ர மனுசன் ஃபோனைத் தூக்கிக் கொண்டு "இவன் எங்கட ஆளோ, எங்கட ஆளோ" எண்டு வீடு முழுக்கத் திரிஞ்சார். டேர்பன் பொடியன் எண்டு சொன்ன பிறகும் சந்தோசம் குறையேல்லை.) அதே பிட்சில இந்தியா 95க்கு ஒண்டு எண்டு நிண்டது, கொஞ்ச நேரத்தில 122க்கு ஏழு. அதைச் செய்தது சுழலும் இல்லை. யான்சன் நெஞ்சுக்கு நேர குத்திப்போட்டு 48க்கு ஆறு எடுத்தான். ரெண்டாம் இனிங்ஸில ஹாமர் 37க்கு ஆறு, இந்தியா 140.

நான் வவுனியாவில பெட்டையளுக்குக் கிரிக்கெட் பழக்கிறன். பழக்கிற ஆளின்ர கண்ணுக்குத் தெரியிறது வேற. ஈடனில மூண்டாம் இடத்தில வாஷிங்டன் சுந்தர். ஆள் மோசமாயும் விளையாடேல்லை, 29உம் 31உம். அடுத்த மட்சில அதே வாஷிங்டன் எட்டாம் இடத்தில, முதல் மட்சில வெளியில இருந்த சாய் சுதர்சன் மூண்டாம் இடத்தில. பதினைஞ்சு வயசுப் பிள்ளைக்கு நான் இப்பிடிச் செய்தால் அடுத்த நாள் தாய் வந்து நிப்பா. ஒரு பிள்ளை தன்ர இடம் எது எண்டு தெரிஞ்சால்தான் புதுப் பந்தை எப்பிடி விடுறது, எப்ப முன்னுக்குக் கால் வைக்கிறது எண்டு மண்டைக்குள்ள ஓடும்.

முந்தி அந்த மூண்டாம் இடத்தில நிண்ட புஜாராவை நினைச்சுப் பாருங்கோ. 2018-19இல அவுஸ்திரேலியாவில 521 ஓட்டம், அதுக்கு அவர் நிண்டு பிடிச்ச பந்து 1258. அந்த ஆளை 2023இல விட்டவை, விட்டது பிழை எண்டு நான் சொல்ல வரேல்லை, வயசும் போச்சு, ஓட்டமும் குறைஞ்சுது. ஆனா அந்த இடத்தில உறுதியா ஒருத்தனை நட்டு வைக்கேல்லை. பெரிய ஆக்கள் உள்ளூர்ப் போட்டி விளையாடுறதும் இல்லை. கோலி 2025 ஜனவரியில டெல்லிக்கு ரஞ்சி விளையாட வந்தது 2012க்குப் பிறகு. ஆறு ஓட்டத்தில ஸ்டம்ப் பறந்தது. பிட்ச் கேட்டு வாங்கினது பிழைதான் அண்ணை, ஆனா நல்ல பிட்ச் குடுத்தாலும் ரெண்டு செசன் நிண்டு விளையாட இவங்களுக்கு இப்ப ஏலாது. கட்டோணுமெண்டால் பற்றிங்கைத்தான் கட்டோணும்.

பரந்தன்_சந்தி:

ரெண்டு பேருக்கும் நன்றி. முதலாளிக்கு வாசிச்சுக் காட்டினன். 31 ஓட்டக் கணக்கைக் கேட்டுட்டு ரோகித்தை விட்டுட்டார், கோலியை இன்னும் விடேல்லை.

இன்னொரு கேள்வி. பும்ரா இல்லாட்டி ரீம் இல்லை எண்டு எல்லாரும் சொல்லுகினம். இங்கிலாந்தில 2025இல அஞ்சில மூண்டு டெஸ்ட்தான் விளையாடினவர். எட்ஜ்பாஸ்டனும் ஓவலும், அந்த ரெண்டிலயும் பும்ரா இல்லை, இந்தியா வெண்டது அந்த ரெண்டையும்தான். இதை என்னெண்டு விளங்கிக்கொள்ளுறது?

குளக்கட்டு:

தங்கச்சி சொல்லுற மூண்டாம் இடத்துக் கதையோட எனக்குச் சண்டை இல்லை. ஆனா நான் ஈடனையும் கவுகாத்தியையும் பிரிச்சுப் பாக்கேல்லை. வருசக்கணக்காத் தூள் பிட்சில விளையாடுறவன் தடுத்து விளையாடுறதை நம்ப மாட்டான். எப்பிடியும் ஒரு பந்து என்னை எடுக்கப்போகுது, அதுக்கு முதல் நாலு அடிச்சிட்டுப் போவம் எண்டு கை பழகிப்போகும். பிறகு நல்ல பிட்சில விட்டாலும் அதே கைதான் வரும். கவுகாத்தியில கப்ரனா நிண்ட பந்த் யான்சனுக்கு இறங்கி வந்து அடிக்கப் போய் அவுட் ஆனதைப் பாத்தியள்தானே.

பும்ராக் கணக்கு. ஓவலில 6 ஓட்டத்தால வெண்டது சிராஜ் எண்ட மனுசன் அஞ்சு டெஸ்ட்டும் ஓடி ஓடிப் போட்டு 23 விக்கெட் எடுத்ததால. எட்ஜ்பாஸ்டனில கில் 269உம் 161உம் அடிச்சதால போலர்மாருக்கு மூச்சு விட இடம் கிடைச்சது. பும்ரா இல்லாட்டி மற்றவை பொறுப்பாப் போட்டவை, அவ்வளவுதான். அதுக்காக அவுஸ்திரேலியாவில 13 சராசரியில 32 விக்கெட் எடுத்த ஆளை வேண்டாம் எண்டு ஆரும் சொல்ல மாட்டினம். சொன்னால் அவையின்ர வீட்டு நாய்கூட நம்பாது.

எனக்குப் பயம் வேற இடத்தில. பும்ராவும் ஜடேஜாவும் ஒரே நாள் பிறந்தவை, டிசெம்பர் 6. ஆனா ஜடேஜா அஞ்சு வயசு மூப்பு, 2025 டிசெம்பரோட 37. 537 விக்கெட்டோட அஷ்வின் பிரிஸ்பேனில மட்ச் முடிஞ்ச கையோட போறன் எண்டு சொல்லிட்டுப் போனார். அவருக்குப் பிறகு ஓஃப் ஸ்பின் போட வாஷிங்டன் இருக்கிறான், ஆனா அவனைப் போலரா வைச்சிருக்கிறீங்களோ, பற்ஸ்மனா வைச்சிருக்கிறீங்களோ எண்டு அவனுக்கே தெரியாது. ஈடனில ஒரு ஓவர்தான் அவனுக்குக் குடுத்தவை. நாலு சுழல்காரரில ஒருத்தனுக்கு மட்ச் முழுக்க ஒரு ஓவர்.

இனி முடிஞ்சுதா எண்ட கேள்வி. சைக்கிளைக் கவிட்டு வைச்சு டைனமோ சுத்தி ரேடியோ கேட்ட காலத்தில மேற்கிந்தியத் தீவு விழுந்தது. 1980க்குப் பிறகு ஒரு டெஸ்ட் தொடரும் தோக்காத ரீம், 1995இல ஜமேக்காவில ஸ்டீவ் வோ 200 அடிக்க அவுஸ்திரேலியாவிட்ட விழுந்தது. அப்பவும் அம்புரோசும் வோல்சும் இருந்தவை, அதால நாலைஞ்சு வருசம் ஆருக்கும் உறைக்கேல்லை. 1998-99இல தென்னாபிரிக்கா 5-0 எண்டு அடிச்சது. 2000இல அம்புரோஸ் போனார், 2001இல வோல்ஸ் போனார். பின்னால ஆக்கள் இல்லை. விதைநெல்லையும் அவிச்சுச் சாப்பிட்ட வீடு மாதிரி ஆச்சு.

அவுஸ்திரேலியா அப்பிடி இல்லை. 2007 ஜனவரியில வோர்ன், மக்ரா, லாங்கர் மூண்டு பேரும் ஒரே மட்சோட போச்சினம், அடுத்த வருசம் கில்கிறிஸ்ட். 2010-11இல மெல்பேர்னில 98க்கு ஓல் அவுட், இங்கிலாந்தோட விளையாடுற ஆஷஸ் தொடர் 1-3. 2013இல இந்தியாவுக்கு வந்து வீட்டுவேலை எழுதிக் குடுக்கேல்லை எண்டு நாலு பேரை மொகாலி மட்சில நிப்பாட்டினவை, எல்லாரும் சிரிச்ச கதை. அந்த நாலு பேரில ஒருத்தன் மிச்சல் ஜோன்சன். அதே வருசக் கடைசியில தொடங்கின ஆஷஸில 37 விக்கெட், 5-0. ஆளை மாத்தேல்லை. ஆள் உள்ளூரில இருந்தவன், சரியான நேரம் எடுத்தவை.

இந்தியா இதில எது? ஜெய்ஸ்வால், கில், பந்த், இங்கிலாந்தில 2-2 எண்டு நிண்ட கூட்டம், இவங்கள் மேற்கிந்தியத் தீவு இல்லை. கில் அந்தத் தொடரில 754 ஓட்டம். கட்டவேண்டிய வீடு முழுக்க இடிஞ்சு போகேல்லை. கம்பீர் இருந்தாலும் போனாலும், அடுத்து வாற ஆளும் "முதல் நாளே திரும்போணும்" எண்டு கேட்டால் இதேதான்.

முத்தையன்கட்டு:

அட்டவணைப்படி 2026இல இந்தியா டெஸ்ட் விளையாட எங்கட பக்கம் வரோணும். காலி நகரத்தில மட்ச் எண்டால் எங்கட சுழல்காரன் பிரபாத் ஜயசூரிய நிப்பான். 2022இல முதல் மட்சிலேயே அவுஸ்திரேலியாவுக்கு 12 விக்கெட் எடுத்தவன். குளக்கட்டு அண்ணை, அந்தப் பிட்சைப் பற்றி என்ன சொல்லுறியள்?

குளக்கட்டு:

காலியில கடல்காத்து அடிக்கும், மண் கெதியாக் காயும். அது கேட்டு வாங்கின பிட்ச் இல்லை, அந்த மண்ணின்ர குணம். இந்தியா அங்க முதல் இனிங்ஸில 120 ஓவர் பற் பண்ணினால் நான் தங்கச்சி சொன்னதையும் பிழை எண்டு சொல்லுவன். இப்ப மட்டுக்கும் வயலுக்க வெள்ளம் வடியேல்லை, மைதானத்திலயும் முழங்கால் தண்ணி. எங்கட பிட்சுக்கு மேல போட்ட தறப்பாள் எங்க போனது எண்டு ஆராவது கண்டால் சொல்லுங்கோ. பச்சை நிறம், ஒரு மூலையில கழகத்தின்ர பேர் எழுதிக் கிடக்கும்.